பாடும் பறவைப் பெட்டி முதல்முறை வாங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. முன்பக்கத்துப் பொத்தானைத் தள்ளினால் முட்டை வடிவ மூடி பட்டென்று திறக்கும். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு பறவை நிமிர்ந்து நின்று, அலகைத் திறந்து, சிறகடித்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பாடும். பதினைந்து, இருபது வினாடிதான். பாட்டு முடிந்ததும் தானே படுத்துக்கொள்ளும், மூடியும் மூடிக்கொள்ளும். உள்ளே பேட்டரி கிடையாது, பதிவுசெய்த ஒலி கிடையாது. ஒரு ஸ்பிரிங், சில பல்சக்கரங்கள், ஒரு துருத்தி, ஒரு விசில், அவ்வளவுதான்.

இதை ஒருமுறை காணொளியில் பார்த்தவர்கள் அடுத்த வேலையாக ஏலத் தளங்களைத் திறந்துவிடுகிறார்கள். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. நான் ஏலத்தில் எடுத்த ஆமை ஓட்டுப் பெட்டி ஒன்று, பணம் முழுவதும் கட்டிய பிறகும், ஐரோப்பாவில் ஓர் ஏலக்கூடத்தின் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தது. பட்டியலில் "அனுப்பிவைக்கப்படும்" என்று போட்டிருந்தார்கள். எந்த நாட்டுக்கு, எந்த அனுமதியோடு என்பதெல்லாம் நான் விடாமல் மின்னஞ்சல் போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெட்டி வந்து சேர்ந்த பிறகு பழுதுபார்ப்பவருக்காக இன்னொரு காத்திருப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பிரிட்டனில் இருப்பவன். வரியும் சட்டமும் இங்கே உள்ளபடி சொல்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் 4, 7ஆம் படிகளைத் தங்கள் நாட்டு விதிகளோடு ஒத்துப்பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் மயக்குவது மேலே இருக்கும் எனாமல் ஓவியம், அதாவது உலோகத்தின்மேல் உருக்கிப் பதித்த கண்ணாடி வண்ணம். பின்னால் செலவு வைப்பது உள்ளே இருக்கும் துருத்தி. எல்லையில் நிறுத்திவைப்பது காகிதம். அதனால் காதால் கேட்டு, காகிதத்தைப் பார்த்து, எனாமலைக் கடைசியில் ரசியுங்கள்.

1. எந்த வகை, எவ்வளவு பணம் என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் வருபவற்றை விலைப்படி மூன்று தட்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மேல்தட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஜெனீவா வேலை. ரோஷா சகோதரர்கள் செய்த தங்க, எனாமல் பெட்டிகள் இதில் வரும். பத்தாயிரக்கணக்கான பவுண்டில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகும். முதல்முறை வாங்குபவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

நடுத்தட்டு, அதே நூற்றாண்டின் நடுப்பகுதி. ஜெனீவாவின் புரூகியே, பாரிசின் போன்தெம் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஆமை ஓட்டுப் பெட்டிகள் இங்கே நிறைய. ஏலத்தில் நான் பார்த்தவரை சில ஆயிரம் பவுண்டு. பாட்டு அருமையாக இருக்கும். ஆனால் ஓடு ஒரு தலைவலி. அதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

கீழ்த்தட்டு, 20ஆம் நூற்றாண்டு வேலை. ஜெர்மனியின் கருங்காட்டில் ட்ரீபெர்க் ஊரில் இருந்த கார்ல் கிரீஸ்பௌம் பட்டறை, சுவிட்சர்லாந்தின் சான்ட்-குரோவா ஊர் ரூஜ் நிறுவனம் ஆகியவற்றின் பெட்டிகள். வெள்ளி அல்லது பொன்முலாம் பூசிய உலோகம், மேலே எனாமல். ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேலே கீழே என்று அடிக்கடி ஏலத்துக்கு வரும். கிரீஸ்பௌம் இயந்திரத்தில் பெரும்பாலும் 'கே.ஜி.' என்ற முத்திரை இருக்கும்.

முதல் பெட்டிக்கு நான் சொல்வது கிரீஸ்பௌம். 'பழமை குறைவு' என்று சிலர் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும். அந்த இயந்திரம் எல்லாப் பழுதுபார்ப்பவர்களுக்கும் பழக்கமானது. ஆமை ஓடு விவகாரமும் பொதுவாக இருக்காது. நன்றாகப் பாடும் கிரீஸ்பௌம், பாதி மூச்சில் திணறும் புரூகியேயைவிட எவ்வளவோ மேல்.

சின்னப் பெட்டியில்தான் ஆசை என்று இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: கூண்டுப் பறவை. போன்தெம் பட்டறையின் கூண்டுகளும் இதே துருத்தி, விசில் முறையில் பாடுபவைதான். உருவம் பெரிது என்பதால் பழுதுபார்ப்பதும் எளிது.

இணையச் சந்தைகளில் நூறு இருநூறு பவுண்டுக்குப் 'பழங்காலப் பறவைப் பெட்டி' என்று வருபவற்றைத் தொடாதீர்கள். அவை அண்மைக்கால நகல்கள். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், பழம்பொருள் என்று எண்ணிப் பணம் கொடுக்கக்கூடாது.

2. வாங்குவதற்கு முன் காதைப் பழக்குங்கள்

நல்ல பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமல் கெட்ட பாட்டை அடையாளம் காண முடியாது. ஜெனீவாவின் படேக் பிலிப் அருங்காட்சியகத்தில் இந்த வகைப் பெட்டிகளின் உச்சத்தைப் பார்க்கலாம். அதே சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல் நகரக் கலை, வரலாற்று அருங்காட்சியகத்தில், கடிகாரம் செய்த ஜாக்கே-ட்ரோ குடும்பத்தின் எழுதும், வரையும், இசைக்கும் மூன்று பொம்மைகள் இன்றும் இயங்குகின்றன. அவற்றை இயக்கிக் காட்டும் நாள் எது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

பயணம் முடியாதவர்கள் பிரிட்டனின் இசைப்பெட்டிச் சங்கத்தில் சேரலாம். உறுப்பினர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவரும் கூட்டத்தில் கையில் வாங்கிக் கேட்கலாம். பழுதுபார்ப்பவர்களின் பெயர்களும் அங்கேதான் கிடைக்கும். பெட்டி வாங்குவதற்கு முன்பே பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தெரிந்து வைத்திருங்கள்.

3. நிலை அறிக்கையும் காணொளியும் இல்லாமல் விலை கேட்காதீர்கள்

ஏலப் பட்டியலில் "இயங்கும் நிலையில்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பொருள், பறவை அசைந்தது என்பது மட்டுமே. நீங்கள் எழுதிக் கேட்டால் நிலை அறிக்கை இலவசமாகத் தருவார்கள். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள்; கடைசி நாளில் கேட்டால் பதில் வராது.

நிலை அறிக்கையோடு இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள்:

முழுச் சாவி கொடுத்து, அடுத்தடுத்து இரண்டு பாட்டு, வெட்டு இல்லாத ஒரே காணொளியாக. சாவி தீரும்போது பாடும் கடைசிப் பாட்டு தனியாக. பக்கவாட்டிலிருந்து சிறகும் வாலும் தெரிய ஒரு காட்சி. அடித்தகட்டைக் கழற்றி இயந்திரத்தின் படம். நான்காவதைப் பல ஏலக்கூடங்கள் மறுத்துவிடும். மறுத்தால் அதையும் விலையில் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

காணொளி வந்ததும் முதல்முறை திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேளுங்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கேட்பது சுலபம். ஸ்பிரிங் சக்கரங்களைச் சுற்றும். சக்கரம் துருத்தியை மேலும் கீழும் ஆட்டும். ஆர்மோனியத்தின் துருத்தியை நகத்தளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி இருக்கும் அது. அந்தக் காற்று ஒரு குட்டி விசிலுக்குள் போகும். விசிலுக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்வதால் சுருதி ஏறும், இறங்கும். பிஸ்டன் எவ்வளவு நகர வேண்டும், காற்று எப்போது திறந்து எப்போது அடைபட வேண்டும், அலகு எப்போது அசைய வேண்டும் என்பதையெல்லாம் விளிம்பில் மேடுபள்ளமாக வெட்டிய பித்தளைத் தகடுகள் தீர்மானிக்கின்றன. பாட்டு எழுதியிருப்பது அந்தத் தகடுகளில்தான்.

இனி ஒவ்வொரு குறையும் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

பறவை நன்றாக ஆடுகிறது, ஒலி மட்டும் காற்றுச் சீறலாக வருகிறது, அல்லது சில சுரங்கள் விழுங்கப்படுகின்றன: துருத்தியில் ஓட்டை. மாட்டுக் குடல் சவ்வு போன்ற மிக மெல்லிய தோலால் செய்தது அது. காலப்போக்கில் காய்ந்து வெடிப்பது இயல்பு. பயப்பட வேண்டாம், மாற்றலாம். செலவைக் கழித்து விலை கேளுங்கள்.

ஒலி வருகிறது, ஆனால் ஒரே சுருதியில் கத்துகிறது: பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ எண்ணெய் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பாட்டு வேகமாக ஓடி முடிகிறது: வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் தேய்மானம், அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாட்டும் அதே வேகமா என்று ஒப்பிடுங்கள்.

மூடி தயங்கித் தயங்கி மூடுகிறது, அல்லது பறவை முழுதும் படுப்பதற்குள் மூடுகிறது: இதற்கு அஞ்சுங்கள். மூடி பறவையின் அலகிலோ வாலிலோ அடிக்கும். வால் இறகு மட்டும் மழுங்கியிருந்தால் இது வெகுநாளாக நடக்கிறது என்று பொருள்.

அடித்தகட்டுப் படம் கிடைத்தால் திருகாணித் தலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். காடி சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. ஈயப் பற்று தெரிந்தால் இன்னும் மோசம்.

பிறகுதான் வெளிப்புறம். எனாமலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, விளிம்பில் சில்லு போய் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நேரில் போக முடிந்தால் உருப்பெருக்கியும் புற ஊதா டார்ச்சும் எடுத்துப்போங்கள். பின்னால் பூசிய வண்ணம் அந்த ஒளியில் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். வெள்ளியில் ஹால்மார்க் பாருங்கள்: ஜெர்மனியில் செய்த வெள்ளி என்றால் அரைப்பிறையும் கிரீடமும், கூடவே 800 அல்லது 925 போன்ற எண்ணும் இருக்கும். அந்த முத்திரை 1888இலிருந்து வழக்கில் உள்ளது. 1850 என்று சொல்லி விற்கும் பெட்டியில் அது இருந்தால் கதை வேறு.

பெட்டி ஒரு காலம், இயந்திரம் இன்னொரு காலம் என்பதும் நடக்கும். பழைய வெள்ளிப் பெட்டிக்குள் புது இயந்திரத்தைப் பொருத்தியிருப்பார்கள். பாட்டு சுத்தமாக இருக்கும், அதனாலேயே ஏமாறுவோம். பெட்டிக்குள் பயன்படாத திருகுத் துளைகள், புதிதாக ராவிய ஓரங்கள் தெரிந்தால் காரணம் கேளுங்கள். சாவி பெட்டியோடு பொருந்துகிறதா என்றும் கேளுங்கள். தொலைந்த சாவிக்குப் பதில் வேறு சாவியைத் திருகி அச்சைத் தேய்த்துவிட்டிருப்பார்கள்.

4. எதனால் செய்தது என்று எழுத்தில் வாங்குங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். மூன்று பொருட்கள் உங்களை மாட்டிவிடும்.

ஆமை ஓடு. இந்தப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் அழுங்காமை ஓடு. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருப்பது. 1947 மார்ச் 3ஆம் தேதிக்கு முன் வேலைப்பாடு செய்து முடித்த பழம்பொருள் என்றால் பிரிட்டனுக்குள்ளே வாங்கவும் விற்கவும் விலக்கு உண்டு. அந்த விலக்கு நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லை தாண்ட வேண்டுமானால் அனுப்பும் நாட்டில் ஏற்றுமதி அனுமதி, பெறும் நாட்டில் இறக்குமதி அனுமதி, இரண்டும் வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஜெர்மனியோ பிரான்சோ, எல்லாமே எல்லைதான். பிரிட்டனில் அனுமதி தருவது விலங்கு, தாவர நல முகமையான ஏ.பி.எச்.ஏ. விண்ணப்பத்தோடு ஏலப் பட்டியல் விவரம், பல கோணப் படங்கள், வயதுக்கான சான்று எல்லாம் கேட்பார்கள். சில வாரம் ஒதுக்குங்கள். அனுமதி கிடைத்த பிறகும் சைட்டிஸ் பொருளை எந்தத் துறைமுகம், விமான நிலையம் வழியாகவும் கொண்டுவர முடியாது. அதற்கென்று குறித்த இடங்கள் மட்டுமே உண்டு. அஞ்சல் நிறுவனத்துக்கு இது தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

பின்னாளில் புது ஓடு வைத்து ஒட்டியிருந்தால் 1947 விலக்கே ஆட்டம் காணும். பழுதுபார்த்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். உண்மை ஓடா, செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தச் சொல்லும் வழிமுறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்யாதீர்கள். ஓடு என்றால் வடு விழும். செல்லுலாய்டு என்றால் தீப்பிடிக்கும்.

தந்தம். பெட்டியில் எங்கே தந்தம் என்று கேட்பீர்கள். பறவையின் அலகைப் பாருங்கள். உலோகம், எலும்பு, தந்தம் மூன்றிலும் செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. அலகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தந்தம் தந்தம்தான். 1947 மார்ச் 3க்கு முந்தைய பொருளில் கன அளவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தந்தம் இருந்தால் விலக்குக் கேட்கலாம், ஆனால் விற்பதற்கு முன் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு பொருளுக்குப் பதிவுக் கட்டணம் 20 பவுண்டு. பதிவு செய்வது விற்பவர் வேலை. ஆனால் பதிவில்லாததை வாங்கினால் வாங்கியவர்மீதும் குற்றம் உண்டு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் பெயரில் மறுபடி பதிய வேண்டும். அலகு எலும்பா தந்தமா என்பதை மூன்று மில்லிமீட்டர் துண்டில் கண்ணால் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். விற்பவரே விலைச்சீட்டில் எழுதித் தரட்டும்.

இறகு. பழைய பறவைகளின் பளபளப்பு ஹம்மிங் பறவை இறகிலிருந்து வருவது. அந்தக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. ஏறக்குறைய எல்லா இனமும் இரண்டாம் பட்டியலில். நாட்டுக்குள் கவலை இல்லை. வெளியிலிருந்து வரவழைக்கும்போதும் அமெரிக்காவுக்கு அனுப்பும்போதும் கேள்வி எழும். அமெரிக்காவில் வலசைப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. பின்னாளில் சாயமிட்ட சாதாரண இறகு ஒட்டிய பறவை என்றால் சேகரிப்பாளர்கள் மதிப்பைக் குறைப்பார்கள், சுங்கத்தில் சிக்கல் குறையும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: ஆமை ஓட்டுப் பெட்டியை இந்தியாவுக்கு எடுத்துப் போகும் எண்ணத்தையே விடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அழுங்காமை முதல் அட்டவணையில் இருக்கிறது. ஓடில்லாத உலோகப் பெட்டி என்றாலும், 100 ஆண்டு தாண்டியது என்றால் திரும்ப வெளியே எடுத்து வரும்போது தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும்.

5. சுத்தியல் விலை உங்கள் விலை அல்ல

ஏலக்காரர் சுத்தியலைத் தட்டும்போது சொல்லும் தொகையோடு நின்றுவிடாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிரிட்டனுக்குள் ஏலம், சுத்தியல் விலை 1,500 பவுண்டு, வாங்குபவர் கமிஷன் 26 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் ஏலக்கூடத்துக்கு ஏலக்கூடம் மாறும். 25க்கு மேலே எதிர்பாருங்கள்.

கமிஷன் 390. அதன்மேல் 20 விழுக்காடு வாட் (மதிப்புக்கூட்டு வரி), 78. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்குச் சுமார் 5 விழுக்காடு, 75. அதற்கும் வாட், 15. ஆக 2,058 பவுண்டு. இதில் அனுப்பும் செலவு இல்லை, பழுது இல்லை. துருத்தி எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டும் என்று 800 பவுண்டு ஒதுக்கினால் 2,900ஐ நெருங்கிவிடும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். கையில் 2,000 பவுண்டுதான் இருக்கிறது என்றால் நீங்கள் கை தூக்கும் எல்லை 870க்குப் பக்கத்தில். தாளில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு ஏலத்தில் உட்காருங்கள்.

ஏலக்கூடத்தின் சொந்தத் தளத்திலேயே நேரடியாகக் கேட்க முடிந்தால் அந்த 5 விழுக்காடு மிச்சம். பல இடங்களில் இந்த வசதி உண்டு, விளம்பரம் செய்யமாட்டார்கள்.

6. பதிவும் ஏல நாளும்

பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம், முகவரிக்கு அண்மைய மின்கட்டண அல்லது வங்கிச் சீட்டு, ஒரு வங்கி அட்டை. குறைந்தது இரண்டு நாள் முன்பே பதிந்துகொள்ளுங்கள். புதியவர்களிடம் முன்பணம் கேட்பதும் உண்டு. விலைச்சீட்டு வந்ததும் சில நாட்களுக்குள் பணம் கட்டி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாள்வாடகை ஏறும். எத்தனை நாள் என்பது விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

7. அனுப்புதலும் சுங்கமும்

பக்கத்து ஊர் என்றால் போய் எடுத்து வாருங்கள். ரயில் கட்டணம் கூரியரைவிட மலிவு, நெஞ்சும் படபடக்காது.

கூரியர்தான் வழி என்றால் பொதி கட்டுபவரிடம் நான்கு விஷயம் எழுதிச் சொல்லுங்கள். பறவை உள்ளே படுத்து மூடி மூடிய நிலையில்தான் கட்ட வேண்டும். வழியில் குலுங்கித் தள்ளுபொத்தான் நகராதபடி மடித்த மெல்லிய காகிதத்தை இடையில் செருக வேண்டும். எனாமல்மேல் ஒட்டுநாடா படக்கூடாது. சாவியைத் தனி உறையில் வைக்க வேண்டும். சாவி தளர்ந்து கிடந்து எனாமலைக் கொத்திய பெட்டிகள் ஏராளம். காப்பீட்டையும் பாருங்கள்: பல கூரியர் நிறுவனங்கள் பழம்பொருளை இழப்பீட்டுப் பட்டியலிலிருந்தே விலக்கிவைத்திருக்கும். தனிக் காப்பீடு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கக் குறியீடு முக்கியம். 100 ஆண்டுக்கு மேற்பட்டது என்றால் 9706 என்ற பழம்பொருள் தலைப்பில் வரும். பிரிட்டனில் சுங்கத் தீர்வை இல்லை, இறக்குமதி வாட் 5 விழுக்காடு. 100 ஆகாதது என்றால் 9208. இந்தத் தலைப்பில் 'இயந்திரப் பாடும் பறவைகள்' என்றே எழுதியிருக்கிறார்கள். சுங்கப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. வாட் 20 விழுக்காடு என்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பொறி எங்கே என்றால், நான் முதலில் பரிந்துரைத்த கிரீஸ்பௌம் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் 100ஐத் தொடவில்லை. விற்பவர் வாய்ப்பேச்சில் 'பழம்பொருள்' என்பார். சுங்கத்துக்கு அது பழம்பொருள் இல்லை. மறுபக்கம், உண்மையிலேயே 1900 வாக்கில் செய்த பெட்டியைக் கூரியர்காரர் 'இசைப்பெட்டி' என்று எழுதி 20 விழுக்காடு கட்டவைப்பதும் நடக்கும். விலைச்சீட்டிலேயே உருவான காலத்தையும் 9706 குறியீட்டையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது நீண்ட கடிதப் போக்குவரத்து. வரி பொருளுக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். கூரியரின் சுங்கத் தீர்வுக் கட்டணம் தனி.

8. பழுது

ஊர்க் கடிகாரக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கடிகாரக்காரருக்குச் சக்கரம் தெரியும். துருத்தித் தோல் தெரியாது. இந்த வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலர், அவர்களிடம் மாதக்கணக்கில் வரிசை இருக்கும். ஓராண்டு என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

துருத்தி மாற்றம் சில நூறு பவுண்டு. முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து சேர்ப்பது ஆயிரத்தைத் தாண்டும். ஒப்படைக்கும் முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இறகை மாற்றலாமா என்று கேட்டால், பறவை வழுக்கையாக இருந்தால் ஒழிய 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். பழைய இறகு மங்கியிருந்தாலும் அதற்கு மதிப்புண்டு. கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது ஒரு பாட்டைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டால் திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

9. வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது

பெட்டியைக் கவிழ்த்து, மென்மையான துணிமேல் வைத்து, அடியில் சாவி கொடுங்கள். சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள்.

பாட்டு நடுவில் சாவி தீர்ந்து பறவை நின்றுவிட்டால் விரலால் படுக்கவைக்காதீர்கள், மூடியை அழுத்தாதீர்கள். இதை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் ஆர்வமிக்க விருந்தினர்களுக்கும் சொல்லிவையுங்கள். பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு சாவி கொடுங்கள். பறவை பாட்டை முடித்துவிட்டுத் தானே படுக்கும். கையால் அழுத்தியதால் வளைந்த நெம்புகளோடு பழுதுபார்ப்பவர் மேசைக்கு வரும் பெட்டிகள் அதிகம்.

எண்ணெய் விடக்கூடாது. சாவித் துளையிலும் கூடாது, பறவை எழும் சல்லடைத் தகட்டிலும் கூடாது. தெளிப்பான் எண்ணெய் ஒருமுறை உள்ளே போனால் துருத்தித் தோலும் பிஸ்டனும் ஒருசேரக் கெடும்.

ரேடியேட்டருக்குமேல் இருக்கும் அலமாரி, வெயில் விழும் சன்னல், இரண்டும் வேண்டாம். முதலாவது தோலை உலர்த்தும், இரண்டாவது இறகை வெளுக்கவைக்கும். இறகைத் தின்னும் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அதற்காக அந்துருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவி பழைய செல்லுலாய்டு, பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஆகாது. மாதம் ஒருமுறை இரண்டு பாட்டுப் பாடவிட்டால் போதும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடப்பதும் கெடுதல், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாடவைப்பதும் கெடுதல்.

10. ஒரு கோப்பு போடுங்கள்

விலைச்சீட்டு, ஏலப் பட்டியலின் அந்தப் பக்கம், நிலை அறிக்கை, சுங்கச் சீட்டு, சைட்டிஸ் அனுமதி அல்லது தந்தப் பதிவு எண், பழுதுபார்ப்பு மதிப்பீடு, காணொளி. எல்லாம் ஒரே இடத்தில். ஏலத் தளங்கள் பழைய பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடும். அன்றே பதிவிறக்கி வையுங்கள்.

வீட்டுக் காப்பீட்டில் ஒரு தனிப்பொருளுக்கு உச்சவரம்பு இருக்கும். பெட்டி அதைத் தாண்டினால் பெயர் குறித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். கோப்பில் உள்ள விலைச்சீட்டே பெரும்பாலும் சான்றாகப் போதும். காப்பீட்டில் எழுத வேண்டிய தொகை சுத்தியல் விலை அல்ல. கமிஷனும் வரியும் பழுதும் சேர்த்து அதே பெட்டியை மறுபடி வாங்க ஆகும் தொகை. ஏலச் சந்தை ஏறி இறங்குவதால் சில ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணைத் திருத்துங்கள்.